ஐந்தாவது பெட்டி

மிக்ஸியை இன்னும் ஒரு நிமிஷம் ஓட விட்டிருந்தால் அந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்காது. தேங்காய் இன்னும் சரியாக அரைபடவில்லை, நான்தான் மகன் போனில் இருக்கிறானே, இரைச்சல் வேண்டாமே என்று நிறுத்தினேன், நிறுத்தின அந்த அமைதிக்குள் மெஷின் கம்பெனியின் பெங்களூர்க்காரர் குரல் ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வந்து விழுந்தது. "கேபிள் முனையெல்லாம் துடைச்சுப் பார்த்தீங்களா ஆவுடையப்பன்? உள்ளே ஓடுறது கண்ணாடி, தலைமுடி கனம்தான், அதுல போறது வெளிச்சம். ஒரு பொட்டுத் தூசி போதும், பாதி போகும் பாதி போகாது. துடைச்சா ரெண்டு நிமிஷ வேலை." அதற்கு என் மகன் கொஞ்சம் ரோஷமாகவே பதில் சொன்னான். "எல்லாம் புதுக் கேபிள் சார், பூஜைக்கு முந்தின நாள்தான் இழுத்தேன். என் கையால போட்டது. பூஜையன்னைக்கே மூடியைக் கழட்டிச் சொருகிட்டேன், காத்துகூடப் பட்டிருக்காது." காற்றுகூடப் பட்டிருக்காது. கரண்டியோடு அப்படியே நின்றேன். மணி ஆறே முக்கால் இருக்கும். சன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை பெய்யவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. என் வலது கை மோதிர விரல் தானாகவே கட்டை விரலோடு உரசிக்கொண்டது, எதையோ தேய்த்து உதிர்க்கிற மாதிரி. அந்த விரலைப் பார்த்தேன். பூஜையறையிலிருந்து வந்த கை, ரேகைக்குள் வெள்ளை இருந்தது. காற்றுப் படவில்லை ஐயா, என் விரல் பட்டது.

பட்டதா? பட்டதுதான். இல்லை, பட்டது வேறு கேபிளாக இருக்கலாம். நாலு தொங்கின. ஆயுத பூஜைக்கு ஆபீசில் வீட்டு ஆட்களையும் கூப்பிடுவார்கள், இவன் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை அழைத்துப் போயிருந்தான். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்த அறை மார்கழி மாதிரிக் குளிர்ந்தது, பீரோ பீரோவாக வரிசை, ஒவ்வொன்றிலும் பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டல். ஒவ்வொரு பீரோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள், வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். டைரக்டர் வந்து "இவங்கதான் அம்மாவா? உங்க மகன் இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாதும்மா" என்றார். பின்பக்கம் கொண்டு போய்க் காட்டினான். நாலு மஞ்சள் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் ஒன்றின் நுனியில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது, ஊதுபத்திக் கங்கு மாதிரி. இது என்னய்யா என்றேன். "அந்தக் கடைசியில டார்ச் வச்சிருக்கேம்மா, எது எந்தக் கேபிள்னு கண்டுபிடிக்க. அங்க அடிச்ச வெளிச்சம் இங்க வந்து நிக்குது பாத்தியா. இது அஞ்சாவது பெட்டிக்குப் போவணும், சாயங்காலம் சொருகிருவேன்." அதற்குள் டைரக்டர் கூப்பிட, போனான். நான் தனியாக அந்தச் சிவப்புப் புள்ளிக்கு முன்னால் நின்றேன். அத்தனை இரும்புக்கு நடுவில் அது ஒன்றுதான் சாமி கண் மாதிரி இருந்தது. முந்தானையில் திருச்செந்தூர் இலை விபூதி முடிந்து வைத்திருந்தேன், பன்னீர் இலையில் மடித்துத் தருவார்களே, அது. வியாதி தீர்க்கிற விபூதி என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பி வந்தது. பிரித்து, ஒரு விரலால் தொட்டு, அந்தப் புள்ளியில் வைத்தேன். என் பிள்ளை கையால் போட்டதெல்லாம் விளங்க வேண்டும் முருகா. வைத்த இடத்தில் சிவப்பு மங்கிற்று. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மங்கிற்று, நான் அதை சாமி கண்ணை மூடி ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கோளாறு ஆரம்பித்தது. பதினோரு நாளாகிறது. ஒரு மெஷினிலிருந்து கேட்டால் திறக்கிற கோப்பு அடுத்த மெஷினிலிருந்து கேட்டால் திறக்காது, நேற்றுத் திறந்தது இன்றைக்குத் திறக்காது, சின்னதெல்லாம் வரும், பெரியதெல்லாம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். இவன் சோறு தின்னாமல் கிடந்தபோது நான்தான் கேட்டேன், எனக்குப் புரியும்படி சொல்லேன் என்று. சொன்னான், அப்போது இன்னும் பொறுமை இருந்தது. "ஒரு பெரிய கோப்பை எட்டாப் பிச்சு எட்டுப் பெட்டியில வப்போம்மா. எட்டுக் கை சேந்து எடுத்துக் குடுத்தா சீக்கிரம் வரும்லா? எது எங்க இருக்குன்னு பேர்ப் பட்டியல் மட்டும் தனியா இன்னொரு பெட்டியில இருக்கும்." ஒரு பெட்டி தரலன்னா? "பேர் இருக்கும். ஆள் இருக்காது." எனக்கு உடனே புரிந்துவிட்டது. இவன் அப்பா போன பிறகு ஒரு வருஷம் ரேஷன் கார்டில் அவர் பேர் இருந்தது, நீக்கப் போக மனசு வரவில்லை, கடைக்காரர் பேரைப் பார்த்து மூன்று ஆளுக்குச் சீனி அளந்து போடுவார், வாங்கிக்கொண்டு வந்து டப்பாவில் கொட்டுவேன். பேர் இருந்தது, ஆள் இல்லை. ஐந்தாவது பெட்டிதான் தரமாட்டேன் என்கிறது என்று நாலு நாளைக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டான். ஏன் தரமாட்டேன் என்கிறது என்பதுதான் தெரியவில்லை. உள்ளே பதிவெல்லாம் குழம்பிப் போயிருக்கிறது, துடைத்துப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி என்று பெங்களூரில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குப் பத்து மணிக்குத் துடைக்கிறார்கள். இவன்தான் துடைக்க வேண்டும், இங்கே வீட்டிலிருந்தே, அந்த மடிக்கணினியில். துடைத்தால் எட்டில் ஒரு துண்டு போகும், ஒரு துண்டு போனால் முழுசும் போன மாதிரிதான். நகல் எடுத்து வைக்க இடம் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தானாம், யாரும் காது கொடுக்கவில்லை. அதில் பெனிட்டாவின் நாலு வருஷம் இருக்கிறது. பெனிட்டா அங்கே ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளை, தாமிரபரணிக்கு மழை எப்படி எப்போது வரும் என்று கணக்குப் போடுகிறதாம். பூஜையன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றது. நான் விபூதி நீட்டினபோது "நெத்தியில வேண்டாம்மா, கையில குடுங்க, பத்திரமா வச்சிக்கிடுதேன்" என்று ஒரு சீட்டில் மடித்து வாங்கிக்கொண்டது. "சாமிகிட்ட எனக்கும் சேத்துச் சொல்லுங்கம்மா, மார்கழிக்குள்ள எழுதி முடிக்கணும்." சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் வைத்தேன் அந்தச் சிவப்புப் புள்ளியில்.

இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிறேன், ஒரு குழியில் வழிகிறது, இன்னொன்றில் பாதிதான். போய்ச் சொல்லிவிடலாம். எழுந்து ஆறு எட்டு வைத்தால் அவன் அறை. எய்யா, நான் தெரியாமல் அந்தக் கேபிளில் விபூதி வைத்துவிட்டேன். அவ்வளவுதான், ஒரு வரி. பெங்களூர்க்காரர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார், கேட்கட்டும். ஆனால் விபூதி கெடுத்தது என்று என் வாயால் சொல்ல வேண்டும். இலை விபூதி கெடுத்தது. அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நின்று சுற்றுகிறது. ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இட்லிக் கொப்பரையை மூடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில் இவன் அப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். நர்சு பிள்ளை நல்ல பிள்ளைதான், "அம்மா, வாயில எதுவும் வைக்கக் கூடாது, தண்ணிகூட, புரியுதா" என்று இரண்டு தடவை சொன்னது. புரிகிறது என்றேன். அது அந்தப் பக்கம் போனதும் இலையைப் பிரித்து, ஒரு சிட்டிகை, உதட்டைப் பிரித்து நாக்கில் வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு இருமினார். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது, நான் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கந்தர் பேரைச் சொன்னேன், அடங்கிற்று. இரண்டாம் நாள் விடியலில் போய்விட்டார். கிட்னி என்றார்கள், எழுதிக் கொடுத்த காகிதத்திலும் கிட்னி என்றுதான் இருக்கிறது, இருமல் என்று யாரும் எழுதவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அது என் உள்ளே எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கிறது, பேர்ப் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்றைக்கு மிக்ஸியை நிறுத்தினேன், அது தானாகத் திறந்துகொண்டது. இந்தத் தூசி அங்கே வெளிச்சத்தை நிறுத்தியது என்றால் இங்கே மூச்சை என்ன செய்தது? ஒன்றை ஒத்துக்கொண்டால் மற்றதும் கூடவே எழுந்து வந்துவிடும். அதனால்தான் வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் நாலு வருஷத்தைவிட எனக்கு என் நிம்மதி பெரிதாக இருக்கிறதா? முருகா, இருக்கிறது போல.

எட்டு மணிக்குக் கோமதி கூப்பிட்டாள், என் மகள், தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தது. "ஏம்மா, அண்ணன் தின்னானா இல்லையா?" இன்னும் இல்லளா. "நீ என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?" எனக்கு அப்போது தோன்றியது, இவளிடம் சொல்லிப் பார்ப்போம், சொல்லிப் பழகிக்கொள்வோம் என்று. ஏட்டி, அன்னைக்குப் பூஜைக்குப் போனேன்லா, அங்க ஒரு ஒயர் நுனியில கொஞ்சம் விபூதி வச்சேன், அதனாலதான் இப்படி ஆயிருக்குமோ? அவள் சிரித்தாள் பாருங்கள், பக்கத்தில் மருமகனும் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் உன் ஒத்த விரலுக்குப் படுத்துருமா? நீ அரசாங்கத்துக்கே டேஞ்சர்மா, உன்னைய டிவியில காட்டுவாவ!" நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க உள்ளே ஒன்று இறங்கிற்று, சரிதான், படித்தவள் சொல்கிறாள், ஒன்றுமில்லை. "அண்ணன்கிட்ட போய் இதைச் சொல்லிராத, ஏற்கெனவே வெந்து போயிருக்கான், வாங்கிக் கட்டிக்கிடுவ." சொல்லல, சொல்லல. போனை வைத்தேன். வைத்த கையோடு இறங்கினது திரும்ப ஏறிக்கொண்டது. இவளுக்கு அந்தச் சிவப்பு மங்கினது தெரியாது. மங்கினதை நான் சொல்லவில்லை. சிரிக்கும்படியாகச் சொன்னேன், சிரித்துவிட்டாள்.

தட்டில் நாலு இட்லி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான், கண் இரண்டும் உள்ளே போயிருந்தது, தாடி. சின்ன வயதில் பரீட்சைக்கு முந்தின நாள் இருப்பானே, அதே மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். திரையில் வரிவரியாக ஏதோ ஓடிற்று, நடுவில் நடுவில் சிவப்பு எழுத்து. எய்யா என்றேன். கையை உயர்த்தினான், இரு என்று. இருந்தேன். "பதினாலாம் நம்பர் மெஷின் திறக்குது சார். பதினஞ்சு தொங்குது. இல்ல சார், இப்ப பதினாலும் தொங்குது." எய்யா, ஒண்ணு சொல்லணும். காதிலிருந்து ஒன்றைக் கழற்றினான். "என்னம்மா?" முகத்தைப் பார்த்தேன். இவன் அப்பா கண்ணைத் திறந்து பார்த்த அதே பார்வை, கோபம் இல்லாத, என்ன வேண்டும் என்று கேட்கிற பார்வை. சட்னியில உப்புக் குறைச்சலா இருக்கும் என்றேன். உப்பு! "பத்து மணிக்கு மேல பேசுவோம்மா, எதுன்னாலும்." திரும்ப மாட்டிக்கொண்டான். எதுன்னாலும் பத்து மணிக்கு மேல். அவனே சொல்லிவிட்டான் அல்லவா, நான் சொல்ல வந்தேன், அவன்தான் பிறகு என்றான். அடுப்படிக்குத் திரும்பும்போது என் காலில் ஒரு லேசு இருந்தது. அந்த லேசை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளை பெனிட்டா கூப்பிட்டது, இவன் ஸ்பீக்கரில் போட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உரிக்க வேண்டிய வெங்காயம் இல்லை அது, நாளைக்கு வேண்டியது. "அண்ணா, நேத்து சாயங்காலம் ஒரு தடவ திறந்துச்சுண்ணா. பாதி வர படிச்சேன். அப்போ உள்ள இருக்குதானே?" இருக்கும்மா. "இருக்கிறத எப்படிண்ணா துடைக்கிறது?" இவன் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பாருங்கண்ணா." கேட்டுட்டேன் பெனிட்டா. மத்த முப்பது பேர் வேலை நிக்குது, இனி ஒரு மணி நேரம்கூடக் குடுக்க மாட்டேங்காவ. "நாலு வருஷம்ணா." தெரியும்மா. "இல்ல, நீங்க என்ன செய்வீங்க, உங்களச் சொல்லல." இவன் போனைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கை இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. இருக்கிறதை எப்படித் துடைக்கிறது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, பதிவு குழம்பவில்லை, ஒன்றும் கெடவில்லை, வழியில் ஒரு சிட்டிகை விபூதி நிற்கிறது, அவ்வளவுதான். அது இந்த வீட்டில், இந்த உலகத்தில், எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியுமா? சந்தேகம்தான். சந்தேகம் என்றால் அதையாவது சொல்லலாமே. பூஜையறைக்குப் போய் நின்றேன். முருகா, நீயே ஒரு வழி காட்டு, இப்போது கரண்டு போகட்டும், கரண்டு போனால் நான் சொல்லிவிடுகிறேன், சத்தியம். மழைக்காலம், நாளுக்கு நாலு தடவை போகிற கரண்டுதான், ஆனாலும் கேட்டேன். மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. கரண்டு போயிற்று! விளக்கு அணைந்தது, ஃபேன் தளர்ந்தது. அதே நொடியில் மாடிப்படிக்குக் கீழே டக் என்று ஒரு சத்தம், போன சித்திரையில் இவன் தவணையில் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர் எழுந்துகொண்டது, ஃபேன் திரும்பச் சுற்றிற்று. இப்போது கரண்டு போயிற்றா போகவில்லையா? போனதுதான். நீ காட்டிவிட்டாய். நான்தான் நின்ற இடத்தில் நின்று, போனால் இப்படியா போகும், இது கணக்கில் வராது என்று உன்னிடமே வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். கால் பெயரவில்லை. என் சாமி என் வேண்டுதலுக்கு உடனே பதில் தந்த ஒரே தடவை இதுவாகத்தான் இருக்கும், அதற்கும் நான் காது கொடுக்கவில்லை.

கடைசியில் கால் பெயர்ந்தது. அறை வாசலில் போய் நின்றபோது அவன் முதுகுதான் தெரிந்தது. பெங்களூர்க்காரர் ஸ்பீக்கரில் மெல்லப் பேசினார், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. "அஞ்சுதானே? ஒரு தடவை நம்பரைச் சரி பார்த்துக்கோங்க." அஞ்சு சார். "துடைக்கட்டுமான்னு கேக்குதா?" கேக்குது சார். ஆவுடை என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், காற்று மட்டும்தான் வந்ததோ என்னவோ. அவன் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது. என் கை மாதிரியே கை அவனுக்கு, பிறந்த அன்றைக்கே எல்லாரும் சொன்னார்கள், மோதிர விரல் கொஞ்சம் வளைந்திருக்கும். அழுத்தினான். சத்தமே இல்லை, எறும்பை அமுக்குகிற மாதிரி. திரையில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றது. "முடிஞ்சுது சார்." முடிஞ்சுது என்றான், அப்போதுதான் என் வாய் திறந்தது. எல்லாம் வந்தது, தடங்கல் இல்லாமல், பட்டுப்புடவை, முந்தானை, பன்னீர் இலை, சிவப்புப் புள்ளி, மங்கினது, எல்லாத் துண்டும் வரிசையாக வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை.

அவன் போனை அணைத்து மேசையில் வைத்தான். "சிவப்பு எரிஞ்சுதே, அந்தக் கேபிளா?" ம். "எலை விபூதியா?" ம். கட்டிலில் வந்து உட்கார்ந்தான். வெகு நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எதையாவது தூக்கி எறிந்திருந்தால் நான் அதைப் பொறுக்கிக்கொண்டாவது இருந்திருப்பேன். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "விபூதி ஒண்ணும் செய்யாதும்மா. அது வேற கோளாறு. நீ போய்ச் சாப்பிடு." எனக்கு அவனைத் தெரியும், பொய் சொல்லும்போது இடது கண் இமை துடிக்கும். துடித்தது. அம்மா மனசு நோகக் கூடாது என்று சொல்கிறான். ஆனால் அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. விபூதி ஒன்றும் செய்யாது. செய்தது என்றால் என் புருஷனை நான்தான் இரும வைத்தேன். செய்யாது என்றால் கோமதிக்குக் குழந்தை தங்கினதும், இவனுக்கு மஞ்சள் காமாலை இறங்கினதும், நாற்பது வருஷமாக நான் விடியலில் நின்று கேட்டதும், எல்லாம் வெறும் சாம்பலைத் தடவிக்கொண்டிருந்ததுதான். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாரோ இரண்டு கையையும் நீட்டுகிற மாதிரி இருந்தது, இரண்டு கையிலும் ஒன்றுமில்லை. அவன் சட்டையை மாட்டினான். ஆபீசுக்குப் போய்ட்டு வாரேன் என்றான். மூக்குக் கண்ணாடி துடைக்கிற நீலத் துணியை மேசையிலிருந்து எடுத்தான், கண்ணாடியைத் துடைக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து செய்கிற மாதிரி, யோசனையில்லாமல், கண்ணை மூடி விபூதிக்குத் தலை குனிந்தான். பூஜையறை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. மரவைக் கிண்ணத்தில் விபூதி நிறைய இருக்கிறது. நான் போகவில்லை. விரலைப் புடவையில் இரண்டு தடவை அழுந்தத் துடைத்துவிட்டு, வெறும் விரலை அவன் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றான்.